எட்டாம் வேற்றுமை

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை, பழைய காரின் முன்பாகத்தை, அதாவது மூக்கிலிருந்து முன் கண்ணாடி வரைக்கும் இரண்டு மட்கார்டுகளையும் சேர்த்து ஒரே தகடாக அமைந்த அந்தப் பெரிய மூடியை, பக்கத்துக்கொன்றாக உள்ள கொக்கிகளை விடுவித்து முன்புறமாகக் கவிழ்த்துவிட்டு, டயரின் மேலேயே உட்கார்ந்து கார்பரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த என் மகள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "அப்பா, இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள். "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்றேன். "அது கம்பெனி வெச்ச பேரு. நாம வெச்ச பேரு என்ன?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்த வண்டியின் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி மாட்டிய எனக்கு, அதை அழைக்க ஒரு சொல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வண்டி என் பெரியப்பாவுடையது. இப்போது மயிலாடுதுறை என்று பழைய பெயருக்கே திரும்பிவிட்ட மாயவரத்தில் வக்கீலாக இருந்த அவர், 1964-இல் சென்னைக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக் கொல்லையில் அதற்கு முன்பு வில்வண்டியும் ஒரு ஜோடி மாடுகளும் இருந்த கொட்டகையே காருக்கும் இடமாயிற்று. மாடு கட்டும் முளைக்குச்சிகளைப் பிடுங்கவேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டபடியால் அவை அப்படியே நின்றன. இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டுக்கும் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் ஓடிய வண்டி, பெரியப்பா காலமானபின் அந்தக் கொட்டகையிலேயே டயர்கள் மண்ணில் புதைய நின்றுவிட்டது. பழைய இரும்புக்காரர்கள் வந்து வந்து விலை கேட்டார்கள். பெரியம்மா சம்மதிக்கவே இல்லை. காரணம் கேட்டவர்களிடம் அதையும் அவர் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ ஓட்டிப் பாக்கறதுன்னா எடுத்துட்டுப் போ" என்றார். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய பதிவெண் பலகையோடு அது என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஹெரால்டு என்பது ஒரு வண்டியின் பெயரன்று, ஒரு குலத்தின் பெயர். 1959-இல் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்தில், இத்தாலிய வடிவமைப்பாளரான மிக்கெலொட்டி வரைந்த வடிவில், ட்ரையம்ஃப் என்ற முத்திரையோடு பிறந்து, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு என்ற முத்திரையோடு வளர்ந்த குலம் அது. அந்தக் கம்பெனியார் பெயரிட்ட முறையை ஆராய்ந்து பார்த்தால் ஒரு விசித்திரமான ஒற்றுமை புலப்படுகிறது. ஸ்டாண்டர்டு என்ற சொல்லுக்குப் போர்க்கொடி என்றும் ஒரு பொருள் உண்டு. வேன்கார்டு என்ற வண்டிக்கு அந்நாட்டுக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுடைய பெயரை இட்டார்கள். பென்னன்ட், என்சைன் என்பவை கப்பலில் பறக்கும் கொடிகளின் பெயர்கள். ஹெரால்டோ, அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகியாக இருந்த அலிக் டிக் என்பவர் வைத்திருந்த படகின் பெயர் என்று சொல்லப்படுகிறது. இப்படி நீரில் மிதந்த பெயர்கள் நிலத்துக்கு ஏறி வந்து, கடலையே பார்க்காத ஊர்களிலெல்லாம் புழுதி பறக்க ஓடியிருக்கின்றன என்பதை நினைக்கும்போது, பெயர் என்பது மனிதரைக் காட்டிலும் அதிகமாகப் பிரயாணம் செய்யும் வஸ்து என்றே தோன்றுகிறது.

ஹெரால்டு என்ற சொல்லின் பொருள், அரசன் வருகையை முன்னால் நின்று அறிவிப்பவன் என்பது. நம்முடைய தெருக்கூத்தில் அந்த வேலையைச் செய்பவன் கட்டியக்காரன். ஆகையால் வண்டிக்குக் கட்டியக்காரன் என்று பெயரிட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்; பொருளும் பொருந்துகிறது, சொல்லும் நம்முடையது. ஆனால் பெரியப்பாவை நினைத்ததும் மனம் ஒப்பவில்லை. தாம் வருவதை ஒருபோதும் முன்னறிவிக்காதவர் அவர். யார் வீட்டுத் துக்கத்துக்குப் போனாலும் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து போய்த் திண்ணையில் உட்காருவார். அவருடைய வண்டிக்கு அந்தப் பெயர் அகராதிப்படி சரியாக இருக்கலாம். ஆளோடு சேரவில்லை.

பெயர்களை நன்னூலார் இடுகுறி என்றும் காரணம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறார். காருக்குக் காரணப் பெயர் இட்டவர்களுள் மிகவும் நேர்த்தியாக இட்டவர் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியின் நிர்வாகியாக இருந்த கிளாட் ஜான்சன் என்பது என் அபிப்பிராயம். 1907-இல், 60551 என்ற சட்ட எண்ணுடைய ஒரே ஒரு வண்டியைத் தேர்ந்து, உடல் முழுவதும் வெள்ளி வர்ணம் பூசி, விளக்கு முதலிய உலோக வேலைகளுக்கெல்லாம் வெள்ளி முலாம் இட்டு, அது ஓடும்போது எழாத சப்தத்தை உத்தேசித்து, வெள்ளி ஆவி என்று பொருள்படும்படி 'சில்வர் கோஸ்ட்' என்று அவர் பெயர் சூட்டினார். கண்ணுக்குத் தெரிவது முதற்சொல்லிலும், காதுக்குக் கேளாதது இரண்டாம் சொல்லிலுமாக அமைந்த அந்தப் பெயரைத் தகட்டில் பொறித்து வண்டியிலேயே பதித்தார்கள். பதினைந்தாயிரம் மைல் தூரப் பரீக்ஷையில் அது தேறிய பிறகு, ஒரு வண்டிக்கு இட்ட பெயரை உலகம் அந்த ஜாதி முழுவதற்கும் சூட்டிவிட்டது. சாதாரணமாகக் குலப்பெயர் ஆளுக்கு வரும். இங்கே ஓர் ஆளின் பெயர் குலத்துக்குப் போயிற்று. அதே கம்பெனியார் பிற்காலத்தில் வெள்ளி மூடுபனி என்று பொருள்படும் 'சில்வர் மிஸ்ட்' என்ற பெயரை ஒரு வண்டிக்கு யோசித்து, ஜெர்மன் பாஷையில் மிஸ்ட் என்றால் சாணக்குப்பை என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டு, 1965-இல் 'சில்வர் ஷாடோ' என்று மாற்றிக்கொண்டார்கள். ஓசையையும் பொருளையும் ஆராய்ந்தால் மட்டும் போதாது, அந்தப் பெயரைச் சொல்லப்போகிற நாக்குகளையும் விசாரிக்கவேண்டும்.

இடுகுறிக்கு உதாரணம் மெர்சிடிஸ். இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் உலோகமும் செல்வமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது 1889-இல் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பெயர். ஸ்பெயின் தேசத்துப் பாஷையில் கருணை என்று பொருள். தகப்பனாரான எமில் யெல்லினெக், டைம்லர் கம்பெனியிடம் வண்டிகளை வாங்கித் தென் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் விற்றும் பந்தயத்தில் விட்டும் வந்தவர். பந்தயத்துக்குத் தமக்கே மகளின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, பிறகு மேபாக் என்ற மேதை உருவாக்கிய 35 குதிரைத் திறனுடைய புதிய வண்டிக்கும் அதையே இடும்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். 1901-இல் நீஸ் பந்தயங்களில் அந்த வண்டி மற்றவற்றையெல்லாம் பழையனவாக்கிவிட்டது. அடுத்த வருஷம் பெயர் பதிவு செய்யப்பட்டது. அதற்கும் அடுத்த வருஷம், அதாவது 1903-இல், அவர் தம் குடும்பப் பெயரையே யெல்லினெக்-மெர்சிடிஸ் என்று சட்டபூர்வமாக மாற்றிக்கொண்டார். மகளிடமிருந்து வண்டிக்கும், வண்டியிடமிருந்து தகப்பனுக்குமாக ஒரு பெயர் சுற்றி வந்திருக்கிறது! குழந்தை பிறந்ததும் தாய்க்குத் தன் பெயர் மறைந்து இன்னாருடைய அம்மா என்றே தெரு முழுதும் வழங்கும் நம் நாட்டாருக்கு இதில் ஆச்சரியம் அதிகம் இராது. சிறுபாணாற்றுப்படையில் வரும் வள்ளல்களுள் காரி ஏறிய குதிரைக்குக் காரி என்றும், அவனோடு பொருத ஓரியின் குதிரைக்கு ஓரி என்றுமே பெயர். ஏறியவன் பெயர் ஏறப்பட்டதற்கு வந்ததா, குதிரையின் கருமையும் பிடரியும் வீரனுக்குப் பெயராயினவா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நெடுநாள் சேர்ந்து போர்க்களம் போனவர்களுக்குள் அந்தக் கணக்கு அழிந்துபோயிருக்கவேண்டும்.

நம் நாட்டு வண்டிகளுக்கு வருவோம். ஆக்ஸ்போர்டு என்ற ஊர்ப்பெயரோடு இங்கிலாந்தில் இருந்த மாரிஸ் வண்டி, வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் அம்பாசிடர் ஆகி, 2014 வரைக்கும் அந்தப் பெயரோடே வாழ்ந்தது. பம்பாயில் செய்த பியட், 1974-இல் சித்தூர் ராணியின் பெயரால் பத்மினி ஆயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னவர்களின் மனக்கண்ணில் ராஜபுத்திர ராணி வந்திருப்பாள் என்று நான் நம்பவில்லை, சலங்கையோடு நம் நாட்டியப் பேரொளிதான் வந்திருப்பார். கிராமத்து ஜனங்களோ இந்த வித்தியாசங்களை ஒன்றும் பொருட்படுத்தாமல், பஸ்ஸும் லாரியும் அல்லாத எல்லாவற்றையும் 'பிளஷர்' என்று ஒரே பெயரால் அழைத்தார்கள். இன்பம் என்ற பொருளை அறியாமலே இட்டாலும், கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டுமே அந்த வண்டியில் ஏறக் கொடுத்துவைத்தவர்கள் சொன்ன அந்தப் பெயரில் ஒரு நியாயம் இருந்தது.

என் வீட்டில் நாமகரண ஆலோசனை ஒரு வாரம் நடந்தது. நண்பர் ஒருவர் ஐராவதம் என்றார், 948 சி.சி. இஞ்சினுக்குத் தேவேந்திரனுடைய யானையின் பெயரை வைப்பது, இல்லாததைச் சொல்லி ஒரு ஜீவனைச் சபையில் நிறுத்துவதாகும். மற்றொருவர் புஷ்பகம் என்றார். எத்தனை பேர் ஏறினாலும் இன்னொருவருக்கு இடம் இருக்கும் என்பது அதன் பெருமை. பெரியப்பா காலத்தில் இரண்டு கதவுள்ள இந்தச் சிறிய வண்டியில் எங்கள் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு பூம்புகாருக்குப் போனது உண்மைதான். ஆயினும் அது குபேரனிடமிருந்து ராவணன் பறித்துக்கொண்ட விமானம். பறிப்பின் கதை ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரை, சகோதரப் பாகத்தில் ஒரு வரப்புக்கும் சண்டையிடாத மனிதரின் வண்டிக்கு இட எனக்கு மனம் வரவில்லை. மகள் வெண்புறா என்றாள். அழகான சொல்தான், அவள் சொல்லும்போது இனிக்கவும் செய்தது. அன்று மாலை வண்டியின் பக்கத்தில் நின்று அதைச் சொல்லிப் பார்த்தேன். காகிதத்தில் எழுதிய பெயராகவே அது இருந்தது.

அப்போதுதான் இலக்கணம் நினைவுக்கு வந்தது. எட்டு வேற்றுமைகளுள் கடைசியானது விளி. மற்ற ஏழும் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதற்கு உதவுகின்றன; எட்டாவது ஒன்றுதான் அந்தப் பொருளோடு பேசுவதற்கு உரியது. இதில் நன்னூலார் ஒரு நுட்பம் சொல்கிறார்: சுட்டுப் பெயர்களும் வினாப் பெயர்களும் விளி ஏற்பதில்லை. அது என்று சுட்டுகிற பொருளை, அது என்ற சொல்லாலேயே கூவி அழைக்க முடியாது. மூன்று வருஷமாக நான் 'அது' என்றே சொல்லிவந்த வண்டியை என்னால் ஒருநாளும் கூப்பிட்டிருக்க முடியாது என்பதை, எட்டு நூற்றாண்டுக்கு முன்பே யாரோ எழுதிவைத்துவிட்டதுபோல் இருந்தது. அதே நூலில், திணை மயங்கிச் சொல்வதும் சில இடங்களில் குற்றமாகாது என்று ஒரு விதி உண்டு. மகிழ்ச்சி மிகுந்தபோது ஒருவன் தன் பசுவைப் பார்த்து அம்மை வந்தாள் என்று சொன்னால், அஃறிணையை உயர்திணையாக்கிய பிழையென்று அதைத் தள்ளாமல், உவப்பினால் வந்த வழுவமைதி என்று உரையாசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். இலக்கணத்துக்கு இருக்கும் இந்தத் தாக்ஷிண்யம் என்னை நெகிழச் செய்கிறது. ஆகவே காரின் பெயருக்குப் பரீக்ஷை இதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்: மார்கழிக் குளிரில், சோக்கை முழுதும் இழுத்தும் இஞ்சின் இருமி இருமி அடங்கிவிடும்போது, வேறு எவரும் இல்லாத கொட்டகையில் வாய்விட்டுச் சொல்ல எந்தப் பெயர் வருகிறதோ, அதுவே பெயர்.

அப்படி வந்த பெயர் ஒன்றின் கதை எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் ஸ்பொரோவ்ஸ்கி பிரபு, 27 லிட்டர் கொள்ளளவுள்ள லிபர்ட்டி என்ற ஆகாய விமான இஞ்சினைப் பொருத்தி ஒரு பிரம்மாண்டமான பந்தயக் கார் செய்வித்தார். ஹையம் என்ற அவருடைய மாளிகையின் பெயரால் அதை ஹையம் ஸ்பெஷல் என்றார்கள். அவர் 1924-இல் ஒரு பந்தயத்தில் இறந்தபின் அதை வாங்கிய பாரி தாமஸ் என்ற வெல்ஷ் நாட்டு இஞ்சினீயர், பார்பரா என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கி அதற்குப் பாப்ஸ் என்று பெயரிட்டார். 1926 ஏப்ரலில், வேல்ஸ் தேசத்துப் பெண்டைன் கடற்கரையின் ஈர மணலில் அது மணிக்கு 170 மைலுக்கு மேல் ஓடி உலக வேகத்தை வென்றது. மறு வருஷம் மார்ச் 3-ஆம் தேதி, மால்கம் காம்பெல் முறியடித்துவிட்ட அந்த வேகத்தை மீட்க அதே மணலில் ஓட்டியபோது வண்டி நிலைகுலைந்து, தாமஸ் அதிலேயே உயிர் நீத்தார். நண்பர்கள் பாப்ஸை அங்கேயே மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். நாற்பத்திரண்டு வருஷங்கள் கழித்து, 1969-இல், ஓவன் வின் ஓவன் என்ற தொழிற்கல்வி ஆசிரியர் அனுமதி பெற்றுத் தோண்டி, உப்பு தின்ற அந்த இரும்புக் கூட்டை எடுத்து, வருஷக்கணக்கில் உழைத்து மறுபடியும் ஓடவைத்தார். ஹையம் ஸ்பெஷல் என்ற பெயரோடு புதைந்திருந்தால் அதைத் தேடி எவரும் மண்வெட்டி எடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். மணலுக்கு அடியில் ஓர் இயந்திரம் கிடப்பதை உலகம் மறந்துவிடும். பாப்ஸ் கிடக்கிறாள் என்றால் மறக்க மனம் வராது.

இன்னொன்றும் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. என் வண்டியில் பெரியப்பா தொட்ட பாகம் இப்போது எவ்வளவு இருக்கிறது? கதவுக்கு அடியிலுள்ள தகடுகள் துருவில் உதிர்ந்து புதியவை வந்துவிட்டன. பிஸ்டன் புதிது, ஒயரிங் புதிது, ஸீட்டின் ரெக்ஸின் புதிது. பூரி க்ஷேத்திரத்தில் ஜகந்நாதருடைய தேரை வருஷந்தோறும் புது மரத்தில் செய்கிறார்கள். சென்ற ஆண்டுத் தேரின் பதினாறு சக்கரங்களுள் ஒன்றுகூட இவ்வாண்டுத் தேரில் ஏறுவதில்லை. ஆனாலும் நந்திகோஷம் நந்திகோஷமே. பலபத்திரருடையது தாளத்வஜம், சுபத்திரையுடையது தர்ப்பதலனம். மரம் மாறினாலும் இவற்றுக்குப் பெயர் மாறுவதில்லை. அப்படியானால், இரும்பு மாறிவிட்ட என் வண்டியில் மாறாமல் நிற்கவேண்டிய பெயரை நான் புதிதாகக் கற்பனை செய்வது முறையா, ஏற்கெனவே இருந்த ஒன்றைத் தேடுவது முறையா என்ற கேள்வி எழுந்தது. இருந்திருந்தால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்?

மாட்டுப் பொங்கலன்று குடும்பத்தோடு அந்த வண்டியிலேயே மாயவரம் போனோம். பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. பார்வை மங்கல், செவி மட்டும் கூர்மை. தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். நான் இஞ்சினை நிறுத்துவதற்குள், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, முன் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டின் நெற்றியிலிருந்து திமில் வரைக்கும் தடவுவதுபோல் நீளத் தடவிக்கொண்டே, "மயிலே, வந்துட்டியா?" என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். "பாட்டி, இதுக்குப் பேர் வெக்கணும்னு ஒரு வாரமா யோசிக்கிறோம்" என்றாள்.

"புதுசா எதுக்கு? அதான் இருக்கே" என்றார் பெரியம்மா.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து, அறுபது வருஷமாக எவரிடமும் சொல்லாததைச் சொன்னார். வில்வண்டியில் பூட்டிய ஜோடியில் ஒன்று செவலை, மற்றது மயிலை. கார் வாங்கப் பணம் போதாமல் இரண்டையும் பெரியப்பா விற்றுவிட்டார். செவலையைக் கொண்டுபோனபோது பெரியம்மாவுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கன்று நாளிலிருந்து அவர் கையால் கழுநீர் குடித்து வளர்ந்த மயிலையை அவிழ்த்தபோது, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் பெரியப்பாவோடு பேசவில்லை. நாலாம் நாள் சென்னையிலிருந்து கார் வந்தது. வெள்ளையுமில்லாமல் சாம்பலுமில்லாமல், மழை மேகத்தின் ஓரம் போல, அச்சாக அதே நிறம். "வேற கலர் எல்லாம் இருந்துச்சாம். உங்க பெரியப்பா இதைத்தான் வேணும்னு கேட்டு ரெண்டு நாள் காத்திருந்து ஓட்டிட்டு வந்தாரு. வாயால ஒண்ணும் சொல்லலை. கொட்டகையில நிறுத்திட்டு, வந்து பாருன்னு மட்டும் கூப்பிட்டாரு." போய்ப் பார்த்தவர் அன்று அழைத்த பெயர் அது. பெரியப்பாவும் மற்றவர் காது படாதபோது அப்படியே அழைத்திருக்கிறார்.

வண்டியை மீட்டெடுக்கையில் அதன் பழைய நிறத்தை மாற்றிச் சிவப்படிக்கும்படி எனக்குப் பலர் யோசனை சொல்லியிருந்தார்கள். ஏனோ நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அதை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாலையில் பெரியம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டுவரச் சொல்லி, கண் தெரியாத விரல்களால் தடவித் தடவி, இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் சரியாகப் பொட்டு வைத்தார். நாங்கள் அன்று இரவு தங்குவதாக இருந்தோம். "வாசல்ல விட்டுறாதே. மயிலைக்குப் பனி ஆகாது, காலையில எழுந்திருக்காது" என்றார். கொல்லைக் கதவைத் திறந்து, வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய், முளைக்குச்சிகளில் இடிபடாமல் மெல்லப் பின்வாங்கிக் கொட்டகைக்குள் நிறுத்தினேன்.